வெளியேறிய நண்பரின் 33 சதவீதம்: ரத்து செய்ய முடியுமா?

கேள்வி சுருக்கமாக இது. கோயம்புத்தூரில் கல்லூரி நண்பர்கள் மூவர் 2023இல் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் பதிவு செய்தார்கள். திருப்பூர் பனியன் கம்பெனிகளிலிருந்து நிட்டிங்குக்கும் சாயத்துக்கும் ஜாப் ஒர்க்காக வெளியே போகும் சரக்கு எத்தனை கிலோ போனது, எத்தனை கிலோ திரும்பியது, மீதி எங்கே நிற்கிறது என்று காட்டும் மென்பொருள் அவர்களுடையது. மூலதனம் ஒரு லட்சம் ரூபாய்; பத்து ரூபாய்ப் பங்குகள் 10,000. கேள்வி கேட்டவர் வாடிக்கையாளர்களைப் பிடிப்பவர். அவருக்கு 3,400 பங்கு. மென்பொருளை எழுதியவருக்கு 3,300. அப்பாவிடம் ஆறு லட்சம் வாங்கிவந்து, கணக்கு வழக்கையும் பார்ப்பவருக்கு 3,300. மென்பொருளை எழுதியவர் எட்டாவது மாதத்தில் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டார். இப்போது ஒரு முதலீட்டாளர் நிறுவனத்துக்கு மூன்று கோடி மதிப்புச் சொல்லிப் பணம் போட முன்வந்திருக்கிறார். ஆனால் வேலையில் இல்லாத ஒருவர் கையில் மூன்றில் ஒரு பங்கு இருப்பதைச் சரிசெய்துவிட்டு வரச் சொல்கிறார். பங்கை விட்டுக்கொடுக்க நண்பர் ஒரு கோடி கேட்கிறார். அவர் பங்கை ரத்து செய்யலாமா, புதிய பங்கு வெளியிட்டு அவரைச் சுருக்கலாமா, ஆறு லட்சத்துக்குத் தனிப் பங்கு உண்டா, புதிதாக வரும் மென்பொருள் ஆளுக்கு எவ்வளவு கொடுப்பது என்பவையே கேள்விகள்.

ரத்து செய்ய முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் கணக்கு முழுவதும் அந்த நம்பிக்கையின் மேல்தான் நிற்கிறது. எட்டு மாதம்தான் உழைத்தார், ஆகவே பங்கு போய்விட்டது என்கிறீர்கள். கம்பெனி சட்டத்தில் அப்படி ஒரு வழி கிடையாது. பதிவு செய்த அன்று ஆளுக்கு இத்தனை பங்கு என்று மூவரும் கையொப்பமிட்டீர்கள். பதிவு முடிந்ததும் அவர் உறுப்பினராகிவிட்டார். அந்தத் தாளில் "தொடர்ந்து வேலை பார்த்தால்" என்ற நிபந்தனை எங்கும் இல்லை. உழுதாலும் தரிசாகப் போட்டாலும் பத்திரம் யார் பெயரில் இருக்கிறதோ அவருடையதுதான் நிலம், பங்கும் அப்படித்தான்.

இயக்குநர் பதவி வேறு, பங்கு வேறு. 2013ஆம் ஆண்டு கம்பெனி சட்டத்தின் 169ஆவது பிரிவின்படி, சிறப்பு அறிவிப்புக் கொடுத்து, அவர் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் கொடுத்து, பொதுக்குழுவில் சாதாரணப் பெரும்பான்மையில் ஓர் இயக்குநரை நீக்கலாம். நீக்கிய மறுநாளும் அவரிடம் அதே 3,300 பங்கு இருக்கும். இங்கே ஒன்றையும் கவனியுங்கள். இதே பிரிவு உங்களுக்கும் பொருந்தும். அவரும் பணம் கொண்டுவந்தவரும் ஒரு நாள் ஒன்று சேர்ந்தால் 66 சதவீதம். உங்களுடைய அந்தக் கூடுதல் நூறு பங்கு தலைவர் என்ற திருப்தியைத் தந்திருக்கலாம். வாக்கெடுப்பில் அதற்கு ஒரு வேலையும் இல்லை.

நிறுவனமே அவர் பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமே என்று யாராவது சொல்லியிருப்பார்கள். 68ஆவது பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் அதற்கான பணம் நிறுவனத்தின் தனி இருப்பிலிருந்தோ, பங்கு முனைமத்திலிருந்தோ (முகமதிப்புக்கு மேல் வாங்கிய தொகை), வேறு வகைப் பங்கு விற்ற தொகையிலிருந்தோ வர வேண்டும். அதிலும் மூலதனத்தில் 25 சதவீத உச்சவரம்பு. இதுவரை நட்டத்தில் ஓடும் நிறுவனத்தில் இவை எதுவும் இருக்காது. மூலதனக் குறைப்பு என்று 66ஆவது பிரிவுக்குப் போனால் தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயத்தின் அனுமதி வேண்டும், அதற்கு முன் சிறப்புத் தீர்மானம் வேண்டும். ஆகவே வாங்குவதானால் நீங்கள் இருவரும் உங்கள் சொந்தப் பணத்தில்தான் வாங்க வேண்டும், அல்லது வருகிற முதலீட்டாளர் வாங்க வேண்டும்.

பேச்சுவார்த்தைக்கு உட்காருவதற்கு முன் ஒரு காகிதத்தை எடுத்துப் பாருங்கள்: நிறுவனத்தின் வங்கிக் கணக்கில் முதல் மாத ஸ்டேட்மெண்ட். 3,300 பங்குக்கு அவர் 33,000 ரூபாய் செலுத்தினாரா? நான் பார்க்கும் சிறு நிறுவனங்களில் இந்த ஒரு வரி அடிக்கடி விசித்திரமாக இருக்கும். மூவர் பணத்தையும் ஒருவரே ஒரே தவணையாகப் போட்டிருப்பார், அல்லது ஒருவர் போடவே இல்லாமல் "எல்லோரும் செலுத்திவிட்டார்கள்" என்று 180 நாளுக்குள் கொடுக்க வேண்டிய தொழில் தொடக்க அறிவிப்பில் இயக்குநர் கையொப்பமிட்டிருப்பார். அவருக்காக நீங்கள் போட்டிருந்தால் அது உங்களுக்கும் அவருக்கும் இடையிலான கடன், பங்கு அவருடையதுதான். யாருமே போடவில்லை என்றால், ஆர்ட்டிகிள்ஸ் எனப்படும் நிறுவன விதிகளின்படி பணம் செலுத்தச் சொல்லி அழைப்பு அனுப்பி, கெடு கொடுத்து, கெடு தாண்டினால் பங்கைப் பறிமுதல் செய்ய வழி உண்டு. ஆனால் அப்போது 180 நாள் அறிவிப்பில் பொய் சொன்ன குற்றம் உங்கள் தலையில் விழும். பணம் செலுத்தப்பட்டிருந்தால் இந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடலாம்.

இனி யார் கை ஓங்கியிருக்கிறது என்பதைப் பார்ப்போம். நீங்கள் இருவர், 67 சதவீதம், ஆகவே நீங்கள்தான் பலசாலிகள் என்று நினைக்கிறீர்கள். இல்லை. சிறப்புத் தீர்மானம் நிறைவேற, எதிர்த்து விழும் வாக்குகளைப் போல மூன்று மடங்காவது ஆதரவு வாக்குகள் வேண்டும். 3,300 எதிராக விழுந்தால் உங்களுக்கு 9,900 வேண்டும். உங்களிடம் இருப்பது 6,700. நிறுவன விதிகளைத் திருத்த வேண்டுமா, சிறப்புத் தீர்மானம். முதலீட்டாளருக்கு நேரடியாகப் புதிய பங்கு ஒதுக்க வேண்டுமா, அதற்கும் சிறப்புத் தீர்மானம். மற்றவர்கள் யோசனை சொல்லியிருக்கக்கூடிய "இப்போதாவது வெஸ்டிங் நிபந்தனையை, அதாவது வேலை பார்த்த காலத்துக்கு ஏற்பவே பங்கு சொந்தமாகும் என்பதை, சேர்த்துவிடுங்கள்" என்பதும் அவர் சம்மதம் இல்லாமல் நடக்காது. 25 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கும் எவரும் பெரிய முடிவுகளுக்கு முட்டுக்கட்டை போட முடியும். மூன்று சம பங்கு என்று பிரித்த அன்றே மூவருக்கும் ஆளுக்கு ஒரு தடை அதிகாரத்தையும் சேர்த்தே கொடுத்துவிட்டீர்கள்.

வாக்குக் கணக்கு கூட்டத்தில் போடப்படும் வாக்குகளை வைத்துத்தான். முறையாக 21 நாள் அறிவிப்பு அனுப்பி, அவர் வராமலும் பதிலாள் அனுப்பாமலும் இருந்தால், நீங்கள் இருவர் வந்திருப்பதே கோரம், அதாவது கூட்டம் செல்லத் தேவையான குறைந்தபட்ச வருகை, ஆகிவிடும், தீர்மானமும் நிறைவேறும். இதைப் படித்துவிட்டு அவருடைய பழைய முகவரிக்கு அறிவிப்பு அனுப்பும் யோசனை யாருக்காவது வந்தால், தயவுசெய்து வேண்டாம். காரணத்தைக் கீழே நீலகிரிக் கதையில் சொல்கிறேன்.

அவர் கையில் இன்னொரு ஆயுதமும் இருக்கலாம். அதைப் பற்றி உங்கள் கேள்வியில் ஒரு வரிகூட இல்லை. மென்பொருள் யாருடையது? 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் வேலையின் போக்கில் எழுதியது முதலாளிக்குச் சொந்தம். இவருக்கு நியமனக் கடிதம் கொடுத்தீர்களா? சம்பளம் கொடுத்தீர்களா? இரண்டும் இல்லை என்றால், அவர் ஊழியரல்ல, இணை நிறுவனர் மட்டுமே என்று வாதிட இடமிருக்கிறது. அப்படியானால் அவர் எழுதிய ஒவ்வொரு வரியின் பதிப்புரிமையும் எழுத்தால் மாற்றித் தரப்படும்வரை அவரிடமே இருக்கும். வாய்மொழி செல்லாது; கையொப்பமிட்ட ஆவணம் வேண்டும். அந்த ஆவணத்திலும் காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுக்குத்தான் செல்லும். எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். முதலீட்டாளரின் வழக்கறிஞர் பங்குப் பட்டியலுக்கு அடுத்தபடியாகக் கேட்பது இந்தக் காகிதத்தைத்தான். இணையதள முகவரி, சர்வர் கணக்கு, நிரல் சேமிப்பகம் ஆகியவை யாருடைய மின்னஞ்சலில் பதிவாகியிருக்கின்றன என்பதையும் இன்றே பாருங்கள்.

யோசனை என்னுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. அதே சமயம் பங்குதாரர் ஏட்டில் பெயரே இல்லாதவர்கூடத் தலைவலி ஆகலாம் என்பதற்கு ஸ்னாப்சாட் ஓர் எடுத்துக்காட்டு. தொடக்கத்தில் உடனிருந்து, பின்னர் வெளியேற்றப்பட்ட மூன்றாவது நண்பர் யோசனையில் தமக்குப் பங்கு உண்டென்று வழக்குப் போட, நிறுவனம் 15.75 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. 2017இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது தாக்கல் செய்த ஆவணத்தில் அந்தத் தொகை வெளிவந்தது. உங்கள் நண்பருக்கோ ஏட்டில் பெயரும் இருக்கிறது.

இப்போது புதிய பங்கு வெளியிட்டுச் சுருக்கும் வழி. இது சட்டத்தில் இருக்கிறது, நன்றாகவே செய்யலாம். ஆனால் எந்த நோக்கத்தில் செய்கிறீர்கள் என்பதைத்தான் தீர்ப்பாயம் பார்க்கும். இந்த விஷயத்தில் நாடு முழுவதும் மேற்கோள் காட்டப்படும் வழக்கு ஒன்று நம் ஊருக்கு மேலே, ஊட்டிக்குப் பக்கத்தில் கேத்தியில் இருக்கும் ஊசித் தொழிற்சாலையில் பிறந்தது. அன்னியச் செலாவணிச் சட்டப்படி வெளிநாட்டுப் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டிய கட்டாயம். வெளிநாட்டு நிறுவனத்தின் கையில் 32,000இல் 18,990 பங்குகள் இருந்தன. 1977 ஏப்ரலில் இயக்குநர் குழு 100 ரூபாய் முகமதிப்பிலேயே 16,000 உரிமைப் பங்குகள், அதாவது இருக்கும் பங்குதாரர்களுக்கே விகிதாசாரப்படி முதலில் தரும் புதிய பங்குகள், வெளியிடத் தீர்மானித்தது. வெளிநாட்டு நிறுவனத்துக்கான கடிதத்தில் தேதி ஏப்ரல் 14. அது தபாலில் சேர்க்கப்பட்டது ஏப்ரல் 27. இங்கிலாந்தில் போய்ச் சேர்ந்தது மே 2. பங்குகளை ஒதுக்கிய கூட்டம் நடந்ததும் அதே மே 2.

வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 1981இல் வந்த தீர்ப்பு பங்கு வெளியீட்டை ரத்து செய்யவில்லை; நிறுவனத்துக்கு அதற்கான உண்மையான தேவை இருந்தது என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் வாய்ப்பு இழந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பவும் இல்லை. அவர்களுக்கு வந்திருக்க வேண்டிய 9,495 பங்குகளுக்கு, 190 ரூபாய் என்று கணித்த மதிப்புக்கும் 100 ரூபாய்க்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு 8,54,550 ரூபாயை இந்தியப் பங்குதாரர்கள் கொடுக்க வேண்டும் என்றது. தபாலில் சேர்த்த தேதிவரை தோண்டிப் பார்ப்பார்கள் என்பதற்காகத்தான் இத்தனை விவரம். 2004இல் கேரளத்து நிறுவனம் ஒன்றின் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் கடுமையாக இருந்தது. நிர்வாக இயக்குநர் தமக்கே பங்குகளை ஒதுக்கிக்கொண்டு, பெரும்பான்மையாக இருந்தவரைச் சிறுபான்மையாக்கினார். அந்த ஒதுக்கீடு செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. இயக்குநர் என்பவர் பங்குதாரர்களின் நம்பிக்கைக்குக் கட்டுப்பட்டவர் என்பது அதன் அடிப்படை.

ஆகவே செய்வதென்றால் இப்படிச் செய்யுங்கள். நிறுவனத்துக்குப் பணம் உண்மையிலேயே எதற்குத் தேவை என்று தீர்மானத்தில் எழுதுங்கள்: ஆள் சேர்க்க, சர்வர் வாங்க, எதுவானாலும். விலையை முகமதிப்பில் வைக்காமல் மதிப்பீட்டாளர் தரும் விலையில் வையுங்கள். 62ஆவது பிரிவின்படி மூவருக்கும் விகிதாசாரப்படி கடிதம் அனுப்புங்கள். விதிகள் ஏழு நாள் கெடுவுக்கு இடம் தந்தாலும் 30 நாள் கொடுங்கள். நண்பர் தம் பங்குக்கான பணத்தைப் போட்டால் அவர் விகிதம் குறையாது, அது அவர் உரிமை. போடாவிட்டால் தானாகக் குறையும், அதை எந்தத் தீர்ப்பாயமும் குறை சொல்வது கடினம். உங்கள் விதிகள் தடுக்காவிட்டால், உங்களுக்கு வரும் உரிமைப் பங்கை முதலீட்டாளர் பெயருக்கு நீங்கள் விட்டுக்கொடுக்கலாம் என்பதால், சிறப்புத் தீர்மானம் இல்லாமலே அவர் உள்ளே வரவும் ஒரு பாதை உண்டு. முதலீட்டாளர்கள் இப்படிப் பக்கவாட்டுக் கதவால் நுழைய விரும்புவதில்லை. ஆனால் நண்பரிடம் பேசும்போது, அவருடைய தடை அதிகாரம் முழுமையானதல்ல என்று காட்ட இது உதவும்.

பங்கைக் குறைத்துவிட்டால் வழக்குப் போட முடியாது என்ற எண்ணமும் வேண்டாம். ஒடுக்குமுறை என்று 241ஆவது பிரிவில் தீர்ப்பாயத்துக்குப் போகப் பத்தில் ஒரு பங்கு மூலதனம் இருந்தாலும் போதும், மொத்த உறுப்பினர்களில் பத்தில் ஒருவராக இருந்தாலும் போதும். மூன்றே உறுப்பினர்கள் உள்ள இடத்தில் ஒரே ஒரு பங்கு வைத்திருப்பவரும் அந்தக் கணக்கில் வந்துவிடுகிறார். சென்னை அமர்வில் மனு எண் விழுந்த செய்தியே முதலீட்டாளரை விரட்டிவிடும். ஆண்டுக்கணக்கில் வாதாடிய பிறகு தீர்ப்பாயம் பெரும்பாலும் என்ன சொல்கிறது தெரியுமா? சுயேச்சையான மதிப்பீட்டாளர் விலை சொல்லட்டும், ஒரு தரப்பின் பங்கை மறு தரப்பு வாங்கிக்கொள்ளட்டும் என்று. இன்று மூவரும் தேநீர்க் கடையில் உட்கார்ந்து செய்யக்கூடியதையேதான்.

"பேசி வைத்திருந்தோம்" என்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு வருடம் முடியும் முன் போனால் பங்கைத் திருப்பித் தருவேன் என்று அவர் வாட்ஸ்அப் குழுவில் எழுதியிருக்கிறார் என்கிறீர்கள். அந்தச் செய்தியைப் பத்திரப்படுத்துங்கள், பேச்சுவார்த்தையில் அதற்கு எடை உண்டு. சட்டத்தில் எடை குறைவு. ரங்கராஜ் எதிர் கோபாலகிருஷ்ணன் என்று 1991இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த தமிழ்நாட்டு வழக்கு ஒன்று இருக்கிறது. அண்ணன் தம்பி இருவர், ஆளுக்கு 25 என்று மொத்தமே 50 பங்குகள். இரண்டு கிளைக்கும் எப்போதும் சம பங்கு, விற்பதானால் முதலில் சொந்தக் கிளைக்கே என்று குடும்பத்துக்குள் வாய்மொழி ஏற்பாடு. அடுத்த தலைமுறையில் ஒருவர் மறு கிளைக்கு விற்றார். கீழ் நீதிமன்றங்கள் ஏற்பாட்டின் பக்கம் நின்றன. உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. பங்கு மாற்றத்தின் மீதான கட்டுப்பாடு நிறுவன விதிகளில் எழுதப்படாவிட்டால் அது நிறுவனத்தையும் கட்டாது, பங்குதாரர்களையும் கட்டாது என்றது. தனியார் நிறுவனப் பங்குச் சண்டை என்றால் வழக்கறிஞர்கள் இன்றும் முதலில் எடுத்து வைப்பது இதைத்தான். இணையவழிப் பதிவின்போது வரும் மாதிரி விதிகளை நீங்கள் ஒரு எழுத்தும் மாற்றாமல் ஏற்றிருப்பீர்கள்; எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். வெளியேறுபவர் பங்கை விற்றாக வேண்டும் என்ற விதி அதில் கிடையாது.

சரி, விலைக்கு வருவோம். நண்பர் கேட்கும் ஒரு கோடி எங்கிருந்து வந்தது என்பது எளிது: மூன்று கோடியில் 33 சதவீதம் 99 லட்சம். அந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது, அதை அவருக்குப் பொறுமையாக விளக்குங்கள். முதலீட்டாளர் சொன்ன மூன்று கோடி, அவர் வாங்கப்போகும் முன்னுரிமைப் பங்குக்கான விலையிலிருந்து பெருக்கி எடுத்தது. நிறுவனம் சரிந்தால் முதலில் அவர் பணம் வெளியே போகும். உங்கள் மூவருக்கும் மிச்சம்தான். அதோடு அந்த விலை, நீங்கள் இருவரும் இன்னும் நான்கைந்து ஆண்டு இரவு பகல் பாராமல் உழைப்பீர்கள் என்பதற்கும் சேர்த்துச் சொன்ன விலை. மேலும் நண்பருடைய பங்குப் பிரச்சினை தீராவிட்டால் அந்த மூன்று கோடியே கிடையாது. சந்தையில் விற்க முடியாத, ஈவுத்தொகை வராத, நிறுவனம் நின்றுபோனால் பூஜ்யமாகும் தாள் அவரிடம் இருப்பது.

அதற்காக முகமதிப்பில் திருப்பிக் கொடு என்று கேட்பதும் அடாவடி. எட்டு மாதம், அநேகமாகச் சம்பளம் இல்லாமல், எழுதியவர். இன்று நீங்கள் முதலீட்டாளரிடம் காட்டும் பொருளின் அடித்தளம் அவருடையது. நான் நடுவில் உட்கார்ந்தால் போடும் கணக்கு இது. நான்கு ஆண்டு உழைப்புக்கு 3,300 பங்கு என்று வைத்தால், 48 மாதத்தில் எட்டு மாதத்துக்கு 550. வெறும் யோசனையாக இருந்ததை ஓடும் மென்பொருளாக்கிய மாதங்கள் பிந்தைய மாதங்களைவிடக் கனமானவை என்பதால் அதை 900 ஆக உயர்த்துவேன். மீதி 2,400 பங்குகளை நீங்கள் இருவரும் ஆளுக்கு 1,200 வாங்குங்கள். விலை? அந்த எட்டு மாதம் வெளியே வேலை பார்த்திருந்தால் மாதம் 60,000 வாங்கியிருப்பார் என்று வைத்துக்கொண்டால் 4,80,000 ரூபாய்; பங்குக்கு 200. உங்களுக்கு 4,600, பணம் கொண்டுவந்தவருக்கு 4,500, அவருக்கு 900. ஒன்பது சதவீதத்தில் தடை அதிகாரம் போய்விடும். ஆனால் நீங்கள் நாளை பெரிய கம்பெனியாகிவிட்டால் தமக்கு ஒன்றுமில்லையே என்ற அவருடைய பயமும் போய்விடும். என் அனுபவத்தில் இந்த மாதிரிப் பேச்சு முறிவது தொகையால் குறைவு, அந்தப் பயத்தால்தான் அதிகம். கையில் பணம் இல்லை என்றால் அந்த 2,400இல் ஒரு பகுதியை முதலீட்டாளரையே வாங்கச் சொல்லுங்கள். அவர்கள் இதை அடிக்கடி செய்கிறார்கள்.

முதலீட்டுப் பணம் வங்கியில் விழுவதற்கு முன் இதை முடியுங்கள். நியாய மதிப்பைவிடக் குறைவாகப் பங்கு வாங்கி, வித்தியாசம் 50,000 ரூபாயைத் தாண்டினால் அந்த வித்தியாசம் வாங்குபவரின் வருமானமாகக் கணக்கிடப்படும். அந்த நியாய மதிப்பு நிறுவனத்தின் நிகரச் சொத்தை வைத்துக் கணிக்கப்படுவது. இன்று அது மிகக் குறைவாக இருக்கும், வங்கியில் முதலீட்டாளர் பணம் வந்த மறுநாள் எகிறிவிடும். விற்பவருக்கு, இரண்டு ஆண்டுக்கு மேல் வைத்திருந்த பங்கு என்பதால் லாபத்தில் 12.5 சதவீத நீண்டகால மூலதன ஆதாய வரி. பங்கு மாற்றப் படிவத்தில் முத்திரைத்தாள் கட்டணம் 0.015 சதவீதம்தான், ஒப்பமிட்ட 60 நாளுக்குள் நிறுவனத்திடம் சேர்த்துவிடுங்கள்.

அதே நாளில் அவரிடம் வாங்க வேண்டிய மற்ற தாள்கள்: காலவரையின்றி, உலகம் முழுவதற்கும் என்று எழுதிய பதிப்புரிமை மாற்று ஆவணம், இன்னும் இயக்குநராக இருந்தால் பதவி விலகல் கடிதம், புதிய நிறுவன விதிகளுக்குச் சம்மதம். பதவி விலகல் அவருக்கும் நல்லதுதான், பெங்களூர் நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் வெளி இயக்குநர் பதவி கூடாது என்று இருக்க வாய்ப்பு அதிகம். அதை வைத்து மிரட்டாதீர்கள், நினைவூட்டினால் போதும். இனி இதே துறையில் போட்டித் தொழில் செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கச் சிலர் சொல்வார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆவது பிரிவு அந்த வகை வாக்குறுதிகளைப் பெரும்பாலும் செல்லாக்காசு ஆக்கிவிடுகிறது. ரகசியக் காப்பு ஒப்பந்தம் வாங்குங்கள். புதிய விதிகளில் சேரும் வெஸ்டிங் நிபந்தனை உங்கள் இருவர் பங்குக்கும் சேர்த்துத்தான். முதலீட்டாளர் எப்படியும் கேட்பார், நீங்களே முன்வைத்தால் வெளியேறியவரின் மனமும் சற்று இளகும்.

ஆறு லட்சத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அது நிறுவனக் கணக்கில் எப்படி எழுதப்பட்டிருக்கிறது? இயக்குநரின் தந்தையிடம் வாங்கிய கடன் என்று இருந்தால் அது கடன்தான். தனியார் நிறுவனம் அப்படி வாங்கலாம், தாம் வேறிடத்தில் கடன் வாங்கித் தரவில்லை என்று அப்பா எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். பின்னால் பங்காக மாறும் என்ற நிபந்தனை உள்ள கடன் என்றால், கடன் வாங்குவதற்கு முன்பே சிறப்புத் தீர்மானம் போட்டிருக்க வேண்டும், நீங்கள் போடவில்லை. எனவே பங்கு தானாக வராது. நியாயம் என்று பார்த்தால் வட்டியோடு திருப்பிக் கொடுங்கள், அல்லது முதலீட்டாளர் வரும் விலையிலேயே அந்தத் தொகைக்குப் பங்கு ஒதுக்குங்கள். முகமதிப்பில் ஒதுக்கினால் ஆறு லட்சத்துக்கு 60,000 பங்கு. 10,000 பங்கு உள்ள நிறுவனத்தில் அதன் பொருள் என்னவென்று உங்களுக்கே தெரியும். பணம் கொண்டுவந்த நண்பர் ஏற்கெனவே தம் 3,300 பங்கையும் அந்தப் பணத்தை மனத்தில் வைத்தே பெற்றாரா என்பதையும் இப்போதே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அடுத்த சண்டை அங்கேதான் காத்திருக்கிறது.

புதிதாக வரும் மென்பொருள் ஆளுக்கு நேரடியாகப் பங்கு கொடுக்காதீர்கள். உழைப்புக்கு ஈடாகக் கொடுக்கும் ஸ்வெட் ஈக்விட்டி என்ற வழி 54ஆவது பிரிவில் இருக்கிறது. மூன்று ஆண்டு விற்க முடியாது என்ற பூட்டு மட்டுமே அதில் உண்டு, இடையில் போனால் திரும்பி வராது. அவருக்கு ஏற்றது ஊழியர் பங்கு விருப்பத் திட்டம், எல்லோரும் ஈசாப் என்று சொல்வது: பின்னாளில் குறித்த விலைக்குப் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை. விருப்ப உரிமை கொடுத்த நாளுக்கும் அது உறுதியாகும் நாளுக்கும் இடையே குறைந்தது ஓர் ஆண்டு இருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. நான்கு ஆண்டாகப் பிரித்துவிட்டால், ஒன்பதாவது மாதம் போகிறவர் பெயர் ஏட்டில் ஏறவே ஏறாது. ஊழியராக வருபவருக்கு மொத்தம் ஐந்து சதவீதத்துக்கு மேல் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இணை நிறுவனர் என்ற பெயரும் பொறுப்பும் ஏற்று, சந்தைச் சம்பளத்தில் பாதிக்கு வருபவரென்றால் பத்துவரை போகலாம். அவருடைய நியமனக் கடிதத்தில் பதிப்புரிமைப் பத்தி இருக்கட்டும், அதன் தேதி அவர் சேர்ந்த நாளுக்குப் பிந்தியதாக இருக்க வேண்டாம்.